ங்ஙா

ஆனி மழையில், கரண்ட் இல்லாத ஒரு மதியம்
கருவாட்டுத் தராசுக்கு முன்னால் சரிந்தாள் பவளக்கொடி.
வலக்கை போயிற்று. வலக்கால் பாதி போயிற்று.
தமிழ் முழுக்கப் போயிற்று.
பர்மியும் போயிற்று, எண்களைத் தவிர.

முப்பத்தெட்டு வருஷம் தன்லின் சந்தையில்
வீசை இவ்வளவென்று கூவிய வாய்.
கடைத்தெரு மொத்தமும் எரிந்த பின்னும்
அந்த ஒரு கல்லாப்பெட்டி வேகவில்லை போல.
"சிலருக்குப் பாட்டு மிஞ்சும், சிலருக்கு வசவு.
உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றாள் டாக்டரம்மா.
எழுபத்திரண்டு வயதில் அதிர்ஷ்டம்
இந்த உருவத்தில் வரும் என்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தித், ஹ்னித், தோன்.
இரண்டு என்றால் தண்ணீர், ஏழு என்றால் முதுகு அரிக்கிறது.
அப்படித்தான் நோட்டில் எழுதி வைத்தேன்.
மறுநாள் இரண்டுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
துப்பினாள்.
நோட்டைக் கிழித்து அடுப்பு மூட்டினேன்.

கோயில் கமிட்டிக்காரர்கள் ஹார்லிக்ஸ் டப்பாவோடு வந்தார்கள்.
தாங்கக்கூடியதைத்தான் கடவுள் கொடுப்பார் என்றார்கள்.
எத்தனை வீசை என்று கேட்டேன்.
டீ குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அவள் தமேனைத் துவைத்து வாசல் கொடியில் போட்டேன்.
எதிர்வீட்டு மவுங் சோ பார்த்துக்கொண்டு நின்றான்.
பெண்பிள்ளை தமேனுக்கு அடியில் போனால்
ஆம்பிளை மகிமை போய்விடுமாம் இந்த ஊரில்.
என்னுடையது
எண்ணெய் ஆலை பாய்லர் துடைத்தபோதே போய்விட்டது.
குனிந்து குனிந்து
ஒரு நாளைக்கு இருபது தரம் அதன் அடியில்தான் நடக்கிறேன்.

கிள்ளானிலிருந்து மகள் போனில் கேட்டாள்,
"எப்படிப்பா சமாளிக்கிறீங்க?"
சொல்ல வாயெடுத்தேன், லைன் அறுந்தது.
நல்லதாகப் போயிற்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
புரட்டாசியில் ஒரு நாள் ஓடிப்போனேன்.
சட்டைப்பையில் எட்டாயிரம் கியாட்,
காலில் ஜோடி மாறிய செருப்பு.
பாலத்துக்கு இந்தப்புறமே பஸ்ஸிலிருந்து இறங்கி
மொஹிங்கா இரண்டு கிண்ணம் தின்றேன்,
யாருக்கும் வாய் துடைத்துவிடாமல்.
மூன்றாவது கிண்ணம் கேட்டேன். தீர்ந்துவிட்டது என்றாள் கடைக்காரி.
அதனால்தான் திரும்பினேனா என்று
இன்றுவரை எனக்கே தெரியாது.

வாசலில் மா ஏ நியோ காத்திருந்தாள்.
நீங்கள் போனதிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தார்கள் என்றாள்.
பத்து வரைக்கும்.
மறுபடி ஒன்றிலிருந்து, பத்து வரைக்கும்.

இப்போது அதிகம் சொல்வது ங்ஙா.
பர்மியில் அது ஐந்து. மீனுக்கும் அதே சத்தம்.
கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் 'நான்'.
அவள் குரலின் மேடுபள்ளத்தை வாதம் நிரவிவிட்டதால்
எது என்று பிடிபடுவதில்லை.
ஐந்து மணியா என்று கடிகாரத்தைக் காட்டுவேன்.
மீனா என்று சட்டியைத் திறந்து காட்டுவேன்.
மூன்றாவதற்குக் காட்ட
வீட்டில் பொருள் எதுவும் அகப்படவில்லை.

போன வெள்ளிக்கிழமை
அலமாரிக் கதவின் கண்ணாடியைத் திருகாணி கழற்றி
முன்னால் தூக்கிப் பிடித்தேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
இடக்கையால், பொட்டு வைக்கும் இடத்தைத் தடவினாள்.
பிறகு கண்ணாடிக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்து
லே என்றாள்.

லே என்றால் நான்கு.
கனம் என்றாலும் அதே சொல்தான்.

கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.
கீழே வைத்துவிட்டு
சோறு அடிபிடிக்கிறதா என்று பார்க்கப் போனேன்.